தட்டு மாறிய பகல்

அத்தியாயம் பதினொன்று

புதன்கிழமை பகல் ஒன்றரை மணிக்கு அக்கா தட்டுகளை மாற்றி வைத்தாள்.

தம்பி குளியலறையில் கைகழுவிக்கொண்டிருந்தான். அவன் மனைவி தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போயிருந்தாள். குழாய்ச் சத்தம் நிற்பதற்குள் தம்பியின் தட்டு அக்காவின் முன்னால் வந்துவிட்டது. அக்காவின் தட்டு அவன் நாற்காலிக்கு நேராகப் போய்விட்டது. பால் தம்ளர்களும் அப்படியே.

இரண்டு தட்டிலும் ஒரே சாப்பாடு. கோழிக்கறி, பருப்பு, மூன்று அவித்த முட்டை, ஓரத்தில் கொஞ்சம் சோறு. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அதுதான் அக்காவை உறுத்தியது.

அவள் வேலை பார்ப்பது காப்பீட்டு நிறுவனத்தில். எரிந்துபோன கடை, காணாமல்போன கார், மாடிப்படியில் தவறி விழுந்த மாமனார் என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதைகளைச் சரிபார்ப்பது அவள் பொறுப்பு. எந்தக் கதை வந்தாலும் மூன்று கேள்விகள் கேட்பாள். கடைசியாக யார் கையில் இருந்தது? எப்போதெல்லாம் நடந்தது? யாருக்கு லாபம்?

தம்பி விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே ஆள்தான் பதிலாக வந்தாள்.

தம்பி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். போன மாதம் ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு மேலே ஏறினான். கப்பலிலிருந்து ஓர் இரும்புப் பெட்டியைத் தூக்கினான். பாதி வழியில் நிறுத்திவிட்டான். கீழே லாரிக்காரர்கள் கத்தினார்கள். வயர்லெஸ்ஸில் மேற்பார்வையாளர் கத்தினார். பெட்டி காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏறிப்போய்ப் பார்த்தபோது கண் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"எந்தப் பெட்டி?" என்று கேட்டான்.

குடித்திருக்கிறான் என்றார்கள். வாயில் ஏதோ வாடை இருந்தது. ஊதச் சொன்னார்கள். கருவி பூஜ்யம் காட்டியது. வேறு கருவி கொண்டுவந்தார்கள். அதுவும் பூஜ்யம். அப்படியானால் மாத்திரை போடுகிறான் என்று வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அவன் மாத்திரை போடுகிறவன் இல்லை. தலைவலி வந்தால்கூடத் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தூங்குகிறவன். அப்படியென்றால் அவனுக்குத் தெரியாமல் யாரோ கொடுக்கிறார்கள்.

எப்போதெல்லாம் நடந்தது? அக்கா கவனித்துப் பார்த்தாள். அவன் அவள் வீட்டில் வந்து தங்கிய வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. முகம் தெளிந்திருந்தது. சீட்டாட்டத்தில் அக்காவின் கணவரைத் தோற்கடித்தான். தன் வீட்டுக்குத் திரும்பிப் போனான். மறுநாளே பழைய கதை.

யாருக்கு லாபம்? கோடையில் தம்பி மனைவி அவளிடமே வந்து கேட்டிருந்தாள். "அண்ணி, இவருக்கு ஒரு ஆயுள் பாலிசி போட்டுடலாமா? உயரத்துல வேலை பாக்கறாரு."

போன வாரம் ஒரு தூளையும் பார்த்தாகிவிட்டது. சமையலறை மேல்தட்டில், அரிசி டப்பாவுக்குப் பின்னால், பெயர் ஒட்டாத ஓர் எவர்சில்வர் டப்பா. தம்பி மனைவி அதிலிருந்து வெள்ளையாக எதையோ அள்ளி அவன் பாலில் போட்டுக் கலக்கினாள். கலக்கும்போது ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் அக்கா ஒரு கரண்டித் தூளைத் தன் மாத்திரை டப்பாவுக்குள் கொட்டிக்கொண்டாள். இன்று காலை அந்த டப்பாவைத் தன் கணவரிடம் ஒப்படைத்தாள்.

"ஆறு மணிக்குள்ள என் ஃபோன் வரலைன்னா, இதை எடுத்துக்கிட்டு நேரா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடுங்க."

"எதுக்கு?"

"தம்பி தட்டுல இருக்கறதை இன்னைக்கு நான் சாப்பிடப்போறேன். ஃபோன் வரலைன்னா எனக்கும் அதே கதிதான்னு அர்த்தம்."

அவர் டப்பாவைத் திறந்து முகர்ந்தார்.

"வெனிலா வாசனை அடிக்குதே."

"பின்னே? விஷம்னா எழுதி ஒட்டியா குடுப்பாங்க?"

"சாப்பாடு நல்லா இருந்துச்சுன்னா?"

"அப்பவும் ஃபோன் பண்ணுவேன்."

அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மழை, நாய், பூட்டிய கேட் என்று சொல்லி ஒரு கடிதத்தைக்கூடத் திருப்பிக் கொண்டுவந்தவர் இல்லை. டப்பாவைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

தம்பி மனைவி தண்ணீரோடு வந்தாள். ஈரம் காயாத தலை. கழுத்தில் விசில். நீச்சல் பயிற்சியாளர். காலையில் பிள்ளைகளுக்கு, மாலையில் போட்டிக்குப் போகும் பெண்களுக்கு. அந்த வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் குளோரின் வாடை. பால்கனிக் கொடியில் ரப்பர் தொப்பிகள் வரிசையாகக் காயும். அக்கா அவளுக்கு வைத்திருந்த பெயர் நீச்சல்காரி. முகத்துக்கு நேராக அல்ல.

"சாப்பிடுங்க அண்ணி. ஆறிடப்போகுது."

"நீ உக்காரலையா?"

"நான் அப்புறம். முதல்ல இவரு சாப்பிடட்டும்."

அப்புறம். அக்கா அந்தச் சொல்லை மனதுக்குள் போட்டு வைத்தாள்.

தம்பி வந்து உட்கார்ந்தான். இளைத்திருந்தான். ஆனால் கண்ணில் குறும்பு இருந்தது.

"என்னக்கா, அதிசயமா இந்தப் பக்கம்? அதுவும் சாப்பாட்டு நேரத்துக்கு?"

"ஏன், வரக்கூடாதா?"

"தாராளமா வரலாம். உன் வீட்டு அடுப்பு ரிப்பேரான்னு கேட்டேன்."

"என் வீட்டு அடுப்புக்கு என்னடா குறைச்சல்?"

"அதுக்கு வேலையே இல்லையேக்கா. ரொட்டி, வெந்த காய். திரும்ப ரொட்டி, திரும்ப வெந்த காய். மாமாவுக்கு வயித்துப் புண்ணு. நீ ஊருக்கே பத்தியம் போடறே."

நீச்சல்காரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அக்கா அதையும் பார்த்தாள்.

கோழிக்கறியை எடுத்து வாயில் போட்டாள். நன்றாக இருந்தது. அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"முட்டையை விட்டுடாதீங்க" என்றாள் நீச்சல்காரி கணவனிடம்.

"காலையிலயும் முட்டை, இப்பவும் முட்டை. நான் என்ன உன் ரிலே டீமா?"

"டீமுக்கு இதைவிட அதிகம். நீங்க சும்மா வீட்டுல இருக்கறதால குறைச்சிருக்கேன்."

"கேட்டியாக்கா? வேலை போனா முட்டையும் போகும்."

நீச்சல்காரி அக்காவின் பக்கம் திரும்பினாள். "இவருக்கு உடம்புல தெம்பே இல்ல அண்ணி. வருஷ ஆரம்பத்துல இருந்தே சோர்ந்து சோர்ந்து விழறாரு. அப்ப இருந்துதான் நான் சாப்பாட்டைக் கையில எடுத்தேன். தெம்பு வந்துட்டா எல்லாம் சரியாயிடும்."

ஆனால் சரியாகவில்லை. அவள் சாப்பாட்டைக் கையில் எடுத்த பிறகுதான் மோசமானது. அதை அவளே தன் வாயால் சொல்கிறாள். ஒன்று, இவள் ஒன்றும் தெரியாத பாப்பா. இல்லை, கல்லுளிமங்கி.

அக்கா பால் தம்ளரை எடுத்தாள். வெனிலா வாசனை. ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள்.

"அண்ணி, அது..."

அக்கா தம்ளரை இறக்கினாள். நீச்சல்காரியின் முகம் மாறியிருந்தது. அவள் தம்ளரைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். மறுபடி தம்ளரைப் பார்த்தாள்.

"எது?"

"ஒண்ணுமில்ல. சர்க்கரை பத்தலையோன்னு."

"போதும்" என்று அக்கா மீதியையும் குடித்தாள். அடியில் கரையாத வெள்ளைக் கட்டி ஒன்று நாக்கில் தட்டியது. அதையும் விழுங்கினாள்.

இனி காத்திருக்க வேண்டியதுதான்.

ஹாலில் சோபாவில் உட்கார்ந்தாள். மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்த்தாள். எதிர்ச்சுவர்க் காலண்டரின் சின்ன எழுத்துகளைப் படித்துப் பார்த்தாள். பதினேழாம் வாய்ப்பாட்டைக் கடைசியிலிருந்து திருப்பிச் சொன்னாள். எங்கும் தடுக்கவில்லை. கண் செருகவில்லை. சின்ன ஏப்பம் ஒன்று வந்தது. அவ்வளவுதான்.

"என்னக்கா முணுமுணுக்கறே?" தம்பி எதிர் நாற்காலியில் சாய்ந்திருந்தான்.

"கணக்கு."

"ஆபீஸ்ல யாரு மாட்டினது?"

"மாட்டுவாங்க."

அவன் கொட்டாவி விட்டான். பிறகு பேச்சு வரவில்லை. அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

தம்பி சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துவந்து சட்டைப்பையில் செருகியிருந்தான். பேனாவைச் செருகுவதுபோல, ஒழுங்காக. பிறகு கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த வேலைக் கையுறைகளில் ஒன்றை எடுத்து மாட்டினான். இன்னொன்றைத் தேடவில்லை. நாற்காலியைச் சுவரோரம் இழுத்தான்.

"எங்கடா கிளம்பறே?"

"மேல ஏறணும். பெட்டி தொங்குது."

"எந்தப் பெட்டி?"

அவன் அவளைப் பார்த்தான். யாரோ புதிய ஆளைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தான்.

"கீழ நிக்காதீங்கம்மா" என்றான். "விழுந்துடும்."

நாற்காலியில் ஒரு காலை வைத்தான். நீச்சல்காரி ஓடிவந்து இடுப்பைப் பிடித்தாள். தண்ணீரில் மூழ்குகிறவரைப் பின்னாலிருந்து பிடிக்கும் பிடி அது. அப்படியே தரையில் உட்கார வைத்தாள். அவன் வாயிலிருந்து அந்த வாடை வந்தது. சாராய வாடை இல்லை. ஈர மண்ணும் அழுகிய பழமும் கலந்ததுபோல.

அக்கா தன் நாடியை மறுபடி தொட்டுப் பார்த்தாள். மூளை நிற்கவில்லை.

அவன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டது நான். எனக்கு ஒன்றும் இல்லை. என் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டவன் அவன். அவன் விழுந்துவிட்டான். அப்படியானால் நான் மாற்றுவேன் என்று இவளுக்கு முன்பே மூக்கில் வியர்த்திருக்கிறது. என் தட்டில்தான் வைத்திருக்கிறாள்.

நீச்சல்காரியின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்ன கலந்தே?"

"என்ன அண்ணி?"

"பாலுல கலக்கறியே. அது என்ன?"

நீச்சல்காரி தரையில் உட்கார்ந்திருந்த கணவனை ஒரு பார்வை பார்த்தாள். அக்கா அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை விடுங்க அண்ணி. முதல்ல டாக்ஸி கூப்பிடணும்."

டாக்ஸியில் தம்பி நடுவில் உட்கார்ந்தான். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். ஒருத்தி அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருத்தி இடது கையை. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஓவராயிடுச்சா?" என்றார்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுப்பா" என்றாள் அக்கா.

"அவரு குடிக்க மாட்டாரு" என்றாள் நீச்சல்காரி அதே நேரத்தில்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இளம்பெண். சுற்றி வளைக்கவில்லை.

"கையை முன்னால நீட்டுங்க. பஸ்ஸை நிறுத்தற மாதிரி. அப்படியே வச்சிருங்க."

தம்பி நீட்டினான். இரண்டு கைகளும் மணிக்கட்டில் சட்டென்று விழுந்தன. எழுந்தன. மறுபடி விழுந்தன. பறக்கத் தெரியாத பறவை அடித்துக்கொள்வதுபோல இருந்தது.

டாக்டர் குனிந்து அவன் மூச்சை முகர்ந்தார். நர்ஸிடம் ஏதோ சொன்னார். நர்ஸ் ரத்தம் எடுத்துக் குழாயை ஐஸ் நிரம்பிய கோப்பையில் செருகிக்கொண்டு ஓட்டமாகப் போனாள்.

"எதுக்கு ஐஸ்?" என்றாள் அக்கா.

"அம்மோனியா பாக்கணும். ரத்தம் அப்படியே கிடந்தா அளவு ஏறிக் காட்டும். அதான் ஓட்டம்."

நீச்சல்காரி பதிவுச் சீட்டு வாங்க நகர்ந்த நேரம் பார்த்து அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டர், இவனுக்கு யாரோ ஏதோ குடுக்கறாங்க. அதையும் சேத்துப் பாத்துடுங்க."

"யாரு?"

"அதைத்தான் பாத்துட்டிருக்கேன்."

டாக்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்துடலாம்" என்றார்.

ரத்த முடிவு வந்தது. விஷம் எதுவும் தெரியவில்லை. அம்மோனியா மட்டும் ஏறிக் கிடந்தது. டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். கல்லீரலை ஸ்கேன் செய்ய வேண்டும் என்றார்.

கல்லீரல் என்றதும் அக்காவுக்குத் துறைமுகத்து ஆட்கள் நினைவுக்கு வந்தார்கள். குடிக்காதவனுக்குக் கல்லீரலில் என்ன? ஒருவேளை குடிக்கிறானோ? இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு மறைக்கிறார்களோ? அவள் தம்பியையும் ஒரு தரம் சந்தேகமாகப் பார்த்தாள். அவன் கையுறையைப் போட்ட கையை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஸ்கேன் அறை வாசலில் நர்ஸ் நிறுத்தினாள். "ஃபோனை அணைச்சிட்டு உள்ள வாங்கம்மா."

சொன்னதைக் கேட்கிறவள் அக்கா. முழுதாக அணைத்துக் கைப்பையில் போட்டாள். நீச்சல்காரி சத்தத்தை மட்டும் நிறுத்திப் பாக்கெட்டில் வைத்தாள்.

உள்ளே இருட்டு. ஸ்கேன் டாக்டர் நரைத்தவர். வயிற்றில் களிம்பைத் தடவிக் கருவியை நகர்த்தினார். திரையில் சாம்பல் நிறம் அசைந்தது. ஒரு பொத்தானை அழுத்தினார். சாம்பலுக்குள் சிவப்பும் நீலமும் ஓடின.

அவர் கை ஓரிடத்தில் நின்றது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க."

தம்பி பிடிக்கவில்லை. நீச்சல்காரி அவன் காதோரம் குனிந்தாள். "இழு... பிடி... விடு" என்றாள். பயிற்சிக் குரல். அவன் உடம்பு கேட்டது.

டாக்டர் அதே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"என்ன தெரியுது?" என்றாள் அக்கா. இவரும் எதையோ பூசி மெழுகப் போகிறார் என்று தோன்றியது.

"எத்தனை வருஷமா இப்படி?"

"வருஷ ஆரம்பத்துல இருந்து" என்றாள் நீச்சல்காரி.

"அதுக்கு முன்னால? சின்ன வயசுல?"

"சின்ன வயசுல நல்லாத்தான் இருந்தான்" என்றாள் அக்கா.

"தூக்கம் அதிகமா இருக்குமா? சாப்பிட்டதும், பால் குடிச்சதும் அசந்து போறது? பள்ளிக்கூடத்துல கவனம் இல்லாம?"

அக்கா திரையைப் பார்த்தாள்.

பதில் சொன்னது நீச்சல்காரி. "இவங்க வீட்டுல இவருக்குப் பேரே தூங்குமூஞ்சி. எங்க கல்யாணத்துல மைக்லயே அப்படித்தான் கூப்பிட்டாங்க."

அந்தப் பெயரை வைத்தது அக்கா. மைக்கில் கூப்பிட்டதும் அவள்தான்.

டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். விரலால் காட்டினார்.

"குடல்ல இருந்து வர்ற ரத்தம் முதல்ல கல்லீரலுக்குள்ள போகணும். கல்லீரல் அதைச் சுத்தம் பண்ணும். அப்புறம்தான் இதயத்துக்கு. இங்க பாருங்க. இவருக்குக் கல்லீரலுக்கு வெளியவே ஒரு குறுக்குக் குழாய் இருக்கு. பெரிய ரத்தக்குழாயோட நேராப் போய்ச் சேருது. ரத்தத்துல நிறைய கல்லீரலைத் தொடாமலேயே மேல போயிடுது. கழிவோட. அது மூளைக்குப் போறப்பதான் இந்த மயக்கம், இந்தக் குழப்பம்."

"யாரால வந்துச்சு?" என்றாள் அக்கா.

கேட்ட பிறகுதான் அது எப்படிப்பட்ட கேள்வி என்று அவளுக்கே உறைத்தது.

"யாராலயும் இல்லம்மா. பிறவியிலேயே இருக்கறது. வயித்துல உருவாகும்போதே குழாய் அப்படி அமைஞ்சுடுச்சு. ரொம்ப அபூர்வம். நான் படத்துலதான் பாத்திருக்கேன். சில பேருக்குக் குழந்தையிலயே தெரிஞ்சுடும். சில பேரு இந்த வயசு வரைக்கும் சமாளிச்சிடுவாங்க."

"குடிச்சா வருமா?"

"குடிப்பழக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

கடைசியாக யார் கையில் இருந்தது? யார் கையிலும் இல்லை. எப்போதெல்லாம் நடந்தது? பிறந்ததிலிருந்தே. யாருக்கு லாபம்? யாருக்கும் இல்லை. அப்படி ஒரு வழக்கு அவள் மேசைக்கு இதுவரை வந்ததில்லை.

"இன்னைக்கு என்ன சாப்பிட்டாரு?" என்றார் டாக்டர்.

தம்பி மனைவி சொன்னாள். காலையில் முட்டை, பால். பகலில் கோழி, பருப்பு, முட்டை, பால். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பிறகு நிறுத்தினாள்.

"பாலுல ஒரு மாவு கலப்பேன். புரத மாவு. எங்க நீச்சல் பிள்ளைங்களுக்குக் குடுக்கறது. கிளப்புக்கு மூட்டையா வரும். அதுல இருந்து ஒரு டப்பாவுல எடுத்து வச்சுக்கறது." அக்காவைப் பார்க்காமல் பேசினாள். "அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா குடிக்க மாட்டாரு. மாவு கரைச்சு ஊட்டறதுக்கு நான் என்ன கைக்குழந்தையான்னு சண்டைக்கு வருவாரு. இன்னைக்குத் தம்ளர் மாறி அண்ணி குடிச்சுட்டாங்க. அவரு உக்காந்திருந்தாரு. என்னால சொல்ல முடியல."

அக்காவின் நாக்கில் அந்தக் கரையாத கட்டி இன்னும் இருப்பதுபோலிருந்தது.

"இவருக்கு அதெல்லாம் அளவுக்கு மேல" என்றார் டாக்டர். "இறைச்சி, முட்டை, மாவு, எல்லாத்துல இருந்தும் வர்ற அம்மோனியாவைக் கல்லீரல்தான் மாத்தணும். ரத்தம் அங்க போகவே இல்லையே. சுத்தமா நிறுத்தவும் கூடாது. கொஞ்சமா, அளவோட. காய், ரொட்டி, பழம்னு இருந்தா நல்லா இருந்திருப்பாரே?"

"இருந்தான்" என்றாள் அக்கா. "என் வீட்டுல இருந்தான்."

வெற்றிதான். அவள் கணக்கு சரி. சாப்பாடுதான் காரணம். அந்த வீட்டுச் சாப்பாடுதான். நாளும் நேரமும்கூடச் சரி. ஆனால் வாய்க்குள் அது வெற்றி மாதிரி இல்லை.

தம்பி மனைவி சுவரில் சாய்ந்தாள். விசிலைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"அப்ப இத்தனை மாசமா நான்தானா?" என்றாள். "அவரு சோர்ந்து விழ விழ நான் இன்னும் ஒண்ணு அதிகமா வச்சேன். இன்னும் ஒரு கரண்டி அதிகமாக் கலந்தேன்."

"நீங்க இல்லம்மா. அந்தக் குழாய்."

"கையில எடுத்துக் குடுத்தது நான்தானே?"

டாக்டர் களிம்பைத் துடைத்தார். பிறகு சொன்னார். "இப்ப மருந்து குடுத்தா ரெண்டொரு நாள்ல தெளிஞ்சிடுவாரு. அது கஷ்டமில்ல. அதுக்கு மேலதான் விஷயம் இருக்கு. கல்லீரலுக்குள்ள போற குழாய் சின்னதாவாவது இருக்கான்னு பெரிய ஸ்கேன்ல பாக்கணும். இருந்தா, கழுத்து வழியா ஒரு கம்பி விட்டுக் குறுக்குக் குழாயை அடைச்சிடலாம். கத்தி வைக்க வேண்டியதில்ல."

"இல்லைன்னா?"

"அடைக்க முடியாது. வேற வழி யோசிக்கணும். அதை இன்னைக்குப் பேச வேண்டாம்."

"திரும்ப கிரேன்ல ஏறுவாரா?"

"அதையும் இன்னைக்குப் பேச வேண்டாம்மா."

தள்ளுபடுக்கையில் தம்பியை வெளியே கொண்டுவந்தார்கள். தாழ்வாரத்தில் விளக்குகள் எரிந்தன. அவன் அரைக்கண் திறந்தான். சட்டைப்பையில் கரண்டி இன்னும் இருந்தது. அக்கா அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். அவன் கையிலிருந்து கையுறையைத் தம்பி மனைவி மெதுவாகக் கழற்றினாள்.

"அண்ணி."

"ம்."

"மத்தியானம் கையைப் பிடிச்சு என்ன கலந்தேன்னு கேட்டீங்க."

"கேட்டேன்."

"கேட்டது நல்லதாப் போச்சு. நீங்க கேக்காம இருந்திருந்தா டாக்டர்கிட்ட மாவைப் பத்தி நான் வாயே திறந்திருக்க மாட்டேன். எனக்கு ஒருத்தரும் இல்ல அண்ணி, இப்படி அதட்டிக் கேக்க."

அவள் அதை உண்மையாகத்தான் சொன்னாள். இதில் ஏதாவது உள்குத்து இருக்கிறதா என்று அக்கா பழக்கத்தில் ஒரு கணம் தேடினாள். இல்லை.

சொல்லிவிடலாம் என்று தோன்றியது. தட்டை மாற்றியதை. தூளை எடுத்ததை. காலையில் அதைக் கொடுத்துவிட்டு வந்ததை.

கொடுத்துவிட்டு வந்தது.

அக்கா நிமிர்ந்தாள். தாழ்வாரத்துச் சுவரில் கடிகாரம் இருந்தது. ஆறு எப்போதோ தாண்டியிருந்தது.

கைப்பையைத் திறந்தாள். கரண்டி, சீப்பு, சாவி. ஃபோன் அடியில் கிடந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது.

அவர் கூப்பிட்டுப் பார்த்திருப்பார். ஃபோன் அணைக்கப்பட்டிருக்கிறது என்று வந்திருக்கும். அதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியும். காலையில் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

பக்கத்தில் இன்னொரு ஃபோன் அதிர்ந்தது. தம்பி மனைவி பாக்கெட்டிலிருந்து எடுத்தாள்.

"எதிர்வீட்டு டீச்சர்" என்றாள். காதில் வைத்தாள். "சொல்லுங்க டீச்சர்... ஆஸ்பத்திரியிலதான். இப்ப பரவாயில்ல... என்னது?"

கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்னொரு கையில் அந்தக் கையுறை இருந்தது.

அக்காவின் ஃபோனில் வட்டம் நின்றது. தவறிய அழைப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எல்லாம் ஒரே எண்.

தம்பி மனைவி ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள். இணைப்பைத் துண்டிக்கவில்லை. அக்காவைப் பார்த்தாள்.

"நம்ம வீட்டு வாசல்ல போலீஸ் நிக்குதாம் அண்ணி. சமையலறையைத் திறந்து காட்டணும்கறாங்களாம். கூட உங்க வீட்டு அண்ணன் நிக்கறாராம், கையில ஏதோ மாத்திரை டப்பாவோட. நீங்க செத்துட்டீங்களான்னு டீச்சர்கிட்ட கேட்டு அழறாராம். எதுக்கு அண்ணி அப்படிக் கேக்கறாரு?"